எஞ்சின் கழுவும்போது மூன்றடி தள்ளி நிற்பவர்

எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் நான் தவளை வரைக்கும் படித்திருக்கிறேன். அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனாலும் தவளைக்கு அடுத்த பக்கத்தில் இந்த இனத்தின் படம் கட்டாயம் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். இரண்டு கால், இரண்டு கை, ஒரு வாய். கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். வாயைப் பிடிக்கத்தான் ஆள் கிடையாது.

இது எங்கே வசிக்கும் என்று கேட்கிறீர்களா? எங்கேயும் வசிக்கும். எங்காவது ஒருவன் பழைய வண்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, கிருஷ்ணாயில் டப்பாவும் தேய்ந்த பிரஷ்ஷும் உடைந்த பிளேடுமாக உட்கார்ந்து, பத்து வருஷமாக எஞ்சினில் அப்பிப் போன கறுப்புப் பிசுக்கைச் சுரண்ட ஆரம்பிக்கட்டும். மீன் கூடையை இறக்கி வைத்த இடத்துக்குப் பூனை வருகிற மாதிரி, தெருமுனையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடிப்பார், வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவுவார், மருந்து வாங்கப் போனவர் மருந்தை மறப்பார், எல்லாரும் வந்து வண்டிக்கு மூன்றடி தள்ளி நிற்பார்கள்.

மூன்றடி என்பதை நான் அளந்து பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷை எவ்வளவு வேகமாக உதறினாலும் கிருஷ்ணாயில் துளி இரண்டரை அடிக்குமேல் தெறிக்காது. எஞ்சின் சம்பந்தமாக அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த சங்கதி இது ஒன்றுதான்.

வந்தவுடன் பேசமாட்டார். முதலில் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். பிறகு, முழங்கைவரை கறுப்பாக உட்கார்ந்திருப்பவனிடம், "இன்னாப்பா, எஞ்சின் கழுவுறியா?" என்பார். இல்லை, பாயசம் காய்ச்சுகிறான். இவன் "ஆமாங்க" என்று சொன்னதும் அவர் உள்ளே வர அனுமதிச் சீட்டுக் கிடைத்துவிட்டதாக அர்த்தம். அடுத்த ஐந்து நிமிஷம் பெருமூச்சு. அதன்பின் அந்த இனத்தின் தேசிய கீதம்: "அப்படி இல்லப்பா."

எப்படி? அதைச் சொல்லமாட்டார். அப்படி இல்லை, அவ்வளவுதான். கிருஷ்ணாயில் போட்டால் டீசல் போட்டிருக்க வேண்டும். டீசல் போட்டால் சலவை சோடாவை வெந்நீரில் கரைத்திருக்க வேண்டும். மேலிருந்து சுரண்டினால் கீழிருந்து சுரண்டியிருக்க வேண்டும். அவர் மச்சான் ஒருத்தன் திண்டிவனத்தில் இருந்தான், அவன் எஞ்சினைக் கழுவினால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்த மச்சான் இப்போது எங்கே? செத்துப்போய்விட்டான். எல்லா மச்சான்களும் செத்துப்போய்விடுகிறார்கள். அதனால்தான் யாரும் போய் விசாரிக்க முடிவதில்லை.

இவர் அசல்தானா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் சோதனை ஒன்று இருக்கிறது. பிசுக்கு சொட்டும் பிரஷ்ஷை நீட்டி, "கொஞ்சம் இதப் புடிங்க சார், பாக்கெட்லேருந்து தீப்பெட்டி எடுத்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரண மனுஷன் பிடித்துக்கொள்வான். இந்த இனத்தாருக்கு அந்த நிமிஷமே வீட்டில் அடுப்பு எரிவது ஞாபகம் வரும்.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்குத் தலைவர் தெய்வசிகாமணி. மேரியில், அதாவது எங்கள் ஊர் நகராட்சி ஆபீஸில், பிறப்பு இறப்புப் பதிவேட்டில் எழுதி எழுதி ரிட்டயர் ஆனவர். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் தெருவில் எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை. அவரிடம் இருந்த ஒரே வண்டி சைக்கிள். அதற்குச் சங்கிலி கழன்றால்கூட இரண்டு விரலால் சைக்கிளைப் பிடித்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஆனால் விமானத்தைத் திறந்து வைத்தாலும் மூன்றடி தள்ளி நின்று "அப்படி இல்லப்பா" என்பார்.

துணைத் தலைவர் சாமிக்கண்ணு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை நாங்கள் சொல்தா என்போம், அவர் சொல்தா. எதைக் கழுவினாலும் தான் இருந்த சைகோனில் வேறு மாதிரி கழுவினார்கள் என்பார்.

எங்கள் டெம்போவின் எஞ்சினைக் கழுவிய கதைக்கு வருகிறேன். போன வருஷம், அதாவது எண்பத்திரண்டு, மாசி மாதம்.

டெம்போ என் அண்ணன் பக்கிரியுடையது. மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர், பழைய மூன்று சக்கர டெம்போ ஒன்றை வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்கும் முத்தியால்பேட்டைக்கும் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறார். அந்த வண்டிக்கு மூக்குக்குள்ளே எஞ்சின். எஞ்சினைக் காக்க மூடி இருந்தது என்னவோ உண்மை. அந்த மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒன்பது வருஷத்துக் கடல் மணலும் ஆயிலும் கிரீஸும் சேர்ந்து இன்னொரு மூடி போட்டிருந்தது. அந்த வருஷம் புதிதாக வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி.க்கு எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"எஞ்சின் எங்கய்யா?"

"இதான் சார்."

"இது திருநெல்வேலி அல்வா. எஞ்சினைக் காட்டு. நம்பர் மேல பேப்பர் வச்சுப் பென்சில்ல தேய்ச்சு எடுத்துக்கிட்டு வா. ஆர்.சி. புக்குல இருக்குறதும் அதுவும் ஒண்ணா இருந்தாத்தான் கையெழுத்து."

திங்கட்கிழமையோடு எஃப்.சி. முடிகிறது. கையெழுத்து இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. வண்டி ஓடாவிட்டால் அண்ணன் மறுபடி மில் கேட்டில் போய், "உள்ளே ஆள் எடுக்குறாங்களா" என்று கேட்கிற கும்பலில் நிற்க வேண்டும். ஒரு தடவை நின்றிருக்கிறார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல். நம்பர் எஞ்சினில் எந்த இடத்தில் அடித்திருக்கிறது என்று அண்ணனுக்கே தெரியாது. தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான். அவர் கொழுந்தியா கல்யாணத்துக்குப் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணன் சாக்கை விரித்து உட்கார்ந்தார். ரேஷனில் வாங்கிய கிருஷ்ணாயில் முழுவதையும் அண்ணி செல்வாம்பாள் வாளியோடு கொண்டுவந்து வைத்து, தானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளேடும் கையுமாக உட்கார்ந்தாள். ஆறரைக்கு முசியே வந்தார். சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்தார்.

"இன்னாப்பா பக்கிரி, எஞ்சின் கழுவுறியா?"

ஏழு மணிக்குள் எட்டுப் பேர். எட்டரைக்குள் பதினைந்து. மேல் அடுக்கு தார் மாதிரி இருந்தது. அதைச் சுரண்டியதும் பழுப்பு. பழுப்புக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி, ஒரு சட்டைப் பொத்தான், காய்ந்த மல்லிகைப்பூ, அடையாளம் தெரியாத ஒரு நெத்திலி. குருசுக்குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த குஞ்சம்மாள் கூடையை இறக்காமலேயே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பக்கிரி, நான் ஒருத்தி தெருத் தெருவா விக்கிறது போதாதா? நீ வேற எஞ்சின்ல கருவாடு போட ஆரம்பிச்சுட்டியா?"

கூட்டம் சிரித்தது. அவளையும் இந்த இனத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். இல்லை, போகிற போக்கில் கூடையிலிருந்து ஒரு பழைய கோணித்துணியை எடுத்து அண்ணியிடம் போட்டுவிட்டுப் போனாள். அசல் இனத்தார் எதையும் கொடுக்கமாட்டார்கள்.

"நம்பரா தேடுற?" என்றார் முசியே. "இடது பக்கம் இருக்கும்."

அவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்றால், அந்த நம்பரே அவரிடம் பிறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அண்ணன் இடது பக்கம் சுரண்ட ஆரம்பித்தார். இந்த இடத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். சொல்தாவின் பக்கமாக நகர்ந்து அவர் காதில் மெதுவாக, "முசியே இடது பக்கம்ங்கிறாரு. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க துப்பாக்கி துடைக்கிற ஆளுன்னு சொன்னாரு" என்றேன்.

"யாரு? அவனா? நோன், நோன், நோன்!" சொல்தா மீசையைத் தடவினார். "சைகோன்ல நூறு லாரி பாத்திருக்கேன். எல்லாத்துக்கும் வலது பக்கம்."

"சாமிக்கண்ணு, அது மிலிட்டரி லாரி. இது டெம்போ" என்றார் முசியே.

"எஞ்சின்னா எஞ்சின்தான்யா. டெத் சர்டிபிகேட்டு எழுதுனவனுக்கு எஞ்சினப் பத்தி இன்னா தெரியும்?"

"சரி, இடதுன்னா யாரோட இடது? டிரைவரு உக்காந்தா இடதா, நாம எதிர்ல நின்னா இடதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அது அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. கூட்டம் இரண்டாகப் பிரிந்து சிலர் டிரைவராகவும் சிலர் எதிரில் நிற்பவர்களாகவும் ஆகி, கையை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். முக்கால் மணி நேரம். இந்தப் பக்கம் சுரண்டு என்றால் அண்ணன் சுரண்டுவார், அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம். ஒரு கட்டத்தில் அண்ணியின் கையில் பிளேடு வழுக்கிக் கட்டை விரலில் கிழித்தது. அவள் புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி சுரண்டினாள்.

எனக்கு அதுவரை இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, கொஞ்சம்தான். எல்லாம் முசியேயால்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அது சுலபமாக இருந்தது. அங்கே வழித்துப் போட்டிருந்த பிசுக்கில் ஓர் உருண்டை எடுத்துப்போய், வேப்ப மரத்தடியில் இருந்த அவர் சைக்கிளின் கைப்பிடிக்குக் கீழ்ப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, நன்றாகப் பூசிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய் அந்தக் கையால் வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டுவார் அல்லவா?

இரண்டு மணிக்கு எஞ்சின் பளபளத்தது. இடது, வலது, மேல், கீழ், யாருடைய இடதாக இருந்தாலும் சரி, எல்லாப் பக்கமும் வெள்ளி மாதிரி. நம்பர் இல்லை.

அப்போதுதான் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. மூடியைத் திறந்தவுடன் முன்னால் தெரிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தோசைக் கனத்தில், ஒரே ஒரு கறுப்புத் திட்டு மிச்சமிருந்தது. அண்ணன் காலையிலிருந்து அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றியே சுரண்டியிருக்கிறார். அது அண்ணி வைக்கும் பொட்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, வெள்ளிக்கு வெள்ளி, பழசின் மேலேயே புதுசாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஆயிலும் மணலும் அதில் ஏறி, வெயிலில் வெந்து, கல்லாகிவிட்டது. எஞ்சினிலேயே சமதளமான இடம் அதுதான். பொட்டு வைக்கிறவளுக்குச் சமதளம் வேண்டும். நம்பர் அடிக்கிறவனுக்கும் அதே சமதளம்தானே வேண்டும்?

அண்ணன் பிளேடை எடுத்தார்.

"அத மட்டும் தொடாத" என்றாள் அண்ணி.

"செல்வாம்பா, அங்கதான் இருக்குது. வேற எங்கயும் இல்ல."

"ஒம்போது வருஷமா இந்த வண்டி ஒரு நாய்க்குட்டிய அடிச்சிருக்குதா? மில் ரோட்டுல லாரி வந்து மோத இருந்துச்சே, ஒரு கீறல் விழுந்துச்சா? அது வெறும் அழுக்குன்னு நெனைக்கிறியா? பிளேடு போட்டுச் சுரண்டப் போறியா?"

"நாளைக்கி வண்டி நின்னு போயிடும்டி."

"நிக்கட்டும். ஓடி எங்கயாவது மோதறதுக்குப் பதிலா நிக்கட்டும்."

அண்ணன் பிளேடைக் கீழே வைத்தார். அவள் எழுந்து வண்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். விரலில் சுற்றிய துணி சிவப்பாகியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து இருநூறு யோசனை சொன்ன பதினைந்து பேரும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சொல்தா சைகோனையே மறந்துவிட்டார். டிரைவரின் இடதைக் கண்டுபிடித்தவர் வானத்தைப் பார்த்தார். தப்பாகப் போனால் சாமியும் அண்ணியும் தங்களைப் பிடித்துக் கேட்கும்படியான யோசனை எதையும் இந்த இனத்தார் சொல்வதில்லை. ஒவ்வொருவராக அடுப்பு ஞாபகம் வந்து நழுவ ஆரம்பித்தார்கள்.

முசியே நழுவவில்லை. தொண்டையைக் கனைத்தார். போச்சு, "அப்படி இல்லம்மா" என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆரம்பித்தார்.

"அப்படி இல்லம்மா. நான் ஒண்ணு கேக்கறேன். கோயில்ல அம்மனுக்குப் பழைய சந்தனத்து மேலயேவா புதுச் சந்தனம் சாத்துறாங்க?"

அண்ணி விரலில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டாள்.

"அபிஷேகம் பண்ணிட்டுத்தான சாத்துறாங்க? நீ ஒம்போது வருஷமா சாத்திக்கிட்டே இருக்கே. குளிப்பாட்டவே இல்லையே."

அண்ணி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். குழந்தைக்கு இத்தனை நாளாகத் தலைக்கு ஊற்ற மறந்துபோன மாதிரி ஒரு முகம்.

"யாரும் பிளேடு எடுக்கக் கூடாது" என்றாள். "நான்தான் செய்வேன்."

உள்ளே போனாள். முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரு சொம்பு வெந்நீரும் கிண்ணத்தில் குழைத்த சீயக்காயுமாக வந்தாள். இந்த உலகத்தில் சீயக்காய் தேய்த்துக் குளித்த டெம்போ எஞ்சின் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். ஊற்றி ஊறவைத்தாள். விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க கறுப்பு கரைந்து, உள்ளேயிருந்து மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடிற்று. அப்போது எழுந்த சந்தன வாசனையில் கிருஷ்ணாயில் நாற்றம் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து அண்ணியின் விரல் நின்றது.

"இன்னாமோ நெருடுது" என்றாள்.

அண்ணன் குனிந்து பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன், அவர் ஒவ்வோர் எண்ணாகத் தலையை ஆட்டினார். கடைசி எண்ணுக்குத் தலையை ஆட்டிவிட்டு அப்படியே சாக்கில் உட்கார்ந்து, கறுப்புக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணி அவர் கையை விலக்கி, "மூஞ்செல்லாம் பூசிக்காத, அப்புறம் அதையும் நான்தான் கழுவணும்" என்றாள்.

மிச்சமிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு நேரமில்லை. முசியே சைக்கிளை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். நான் குறுக்கே ஓடினேன். துணி எடுக்க மறந்துவிட்டது. என் சட்டையைக் கழற்றிக் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் துடைத்தேன்.

"இன்னாடா பண்றே?"

"தூசி முசியே. துடைக்கிறேன்."

அவர் மூன்றடி தள்ளி நின்றார். தலையைச் சாய்த்தார்.

"அப்படி இல்லடா. மேலேருந்து கீழே துடைக்கணும்."

மேலேயிருந்து கீழே துடைத்தேன். வேறென்ன செய்வது?

மறுநாள் பென்சில் தேய்த்த காகிதத்தோடு போனோம். ஓரத்தில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. நம்பருக்கு ஓர் அங்குலம் மேலே அண்ணி புதுப் பொட்டு வைத்திருந்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே, "நல்லாத்தான் கழுவியிருக்கே. ஆனா டீசல் போட்டிருக்கணும்" என்றார். எவ்வளவு தள்ளி நின்று சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

முசியே இப்போதெல்லாம் "அந்த டெம்போ எஞ்சினை நான்தானே கழுவினேன்" என்கிறார். போன வாரம் கேட்டபோது முழங்கைவரை கறுப்பாகியிருந்ததாகவும் சொன்னார். நான் மறுக்கவில்லை. என் கணக்கை எடுத்தால், அன்று காலையிலிருந்து மாலைவரை அங்கே இருந்த என் கையில் பட்ட அழுக்கு நானே எடுத்துப் பூசி நானே துடைத்தது மட்டும்தான்.

நீங்கள்? இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தீர்களே, பாதியிலேயே "பொட்டு வைக்கிற இடத்தை முதல்லயே பாத்திருக்கணும்" என்று தோன்றவில்லையா? சீயக்காயைவிட அரப்பு நல்லது என்று ஒரு தடவையாவது நினைக்கவில்லையா? உங்கள் மச்சான் ஒருத்தர் ஞாபகத்துக்கு வரவில்லையா? பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கியர் பெட்டியைத் திறக்கப் போகிறார். அதில் இருக்கும் பிசுக்கைப் பார்த்தால் எஞ்சின் தேவலாம் என்று இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆரம்பம். எந்தத் தெரு என்பதை மட்டும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஆறரைக்கு வந்து நிற்பீர்கள்.